டோனரக்காவும் ஒன்பது பூஜ்யங்களும்

அந்த நாலு மாடிக் கட்டடத்தில், அப்பா அம்மா அவளுக்கு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவலாளியிலிருந்து நாலாம் மாடி மேலாளர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் டோனரக்கா. அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பிரிண்டர் காகிதத்தை விழுங்கிவிட்டுத் துப்பமாட்டேன் என்று அடம் பிடிக்கிற நேரத்தில் யார் வயதைப் பார்ப்பது?

கப்பலில் போகிற சரக்குக்குக் காகிதம் தயாரிக்கிற நிறுவனம் அது. ஒரு பெட்டி கடலைத் தாண்டவேண்டுமென்றால் அதற்கு முன்னால் பதினான்கு படிவம் மேசைகளைத் தாண்டவேண்டும். ஒவ்வொன்றுக்கும் நாலு நகல். கம்ப்யூட்டர் வந்தால் காகிதம் ஒழிந்துவிடும் என்று ஒரு காலத்தில் அடித்துச் சொன்னார்களே, அந்த மகான்களைக் கூட்டிவந்து இங்கே ஒரு வாரம் உட்காரவைக்க வேண்டும். மொத்தம் நாற்பத்திரண்டு மேசைகளில் நாற்பத்திரண்டு பிரிண்டர்கள், எல்லாம் ஒரே நெட்வொர்க்கில். அத்தனைக்கும் டாக்டர், நர்ஸ், ஆயா எல்லாம் டோனரக்கா ஒருத்திதான். பிரிண்டருக்குள் போடுகிற மைத்தூள் டப்பாவான டோனரை அடுக்கிவைத்திருக்கிற ஸ்டோரின் சாவியும் அவள் இடுப்பில்தான்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் வந்தது நகல் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு. அன்றைக்கு மெஷின் கெட்டால் வெளியிலிருந்து ஒரு மெக்கானிக் வருவார். மூடியைத் திறக்கும்போது அவள் எட்டிப் பார்த்தால் முதுகைக் காட்டி மறைத்துக்கொள்வார். "இதெல்லாம் உங்களுக்கு வராதும்மா" என்பார். கூப்பிட்டால் மூன்று நாள் கழித்து வருவதும் அந்த மகராசனின் வழக்கம். ஒரு நாள் அவர் வரவில்லை, கப்பல் காத்திருக்காது, மேலாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். டோனரக்காவுக்குக் கோபம் எப்போதுமே மூக்குக்கு மேல். காவலாளியிடம் ஸ்க்ரூ டிரைவர் வாங்கிவந்து மெஷினை முழுசாகக் கழற்றிப் போட்டுவிட்டாள். மாட்டி முடித்தபோது இரண்டு திருகாணி மிச்சம். அவற்றை எங்கே மாட்டுவதென்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அந்த மெஷின் அதற்குப் பிறகு நாலு வருஷம் ஓடியது. மெக்கானிக்கை மறுபடி யாரும் கூப்பிடவில்லை.

யாரும் சொல்லிக்கொடுக்காமல் கற்ற வேலை என்பதால், அவளுடைய வேலைமுறையும் அவளுடையதாகவே இருந்தது. அதில் ஒன்று அவளுக்கு ரொம்பப் பெருமை. ஓயாமல் அடிக்கிற மேசையில் மெஷின் தளர்ந்துவிட்டால், வேலை குறைந்த மேசையில் இருக்கிற நல்ல மெஷினைத் தூக்கிவந்து அங்கே வைப்பாள். தளர்ந்ததைச் சும்மா இருக்கிற மேசைக்கு அனுப்பி ஓய்வு கொடுப்பாள். அப்படி மாற்றும்போது நெட்வொர்க் முகவரியை மட்டும் மாற்றமாட்டாள். சுங்கப் பிரிவு மேசைக்கு ஒரு முகவரி என்றால், அங்கே எந்த மெஷின் வந்தாலும் அதற்கு அந்த முகவரிதான். "அட்ரஸ் மேசைக்கு, மெஷினுக்கு இல்லை" என்பது அவள் சட்டம். முகவரி மாறினால் பிரிவில் உள்ள பதினைந்து பேரின் கம்ப்யூட்டரிலும் எல்லாவற்றையும் திரும்ப அமைக்கவேண்டும், பதினைந்து பேரும் கத்துவார்கள். அவள் முறையில் யாருக்கும் எதுவும் தெரியாது. திங்கட்கிழமை வந்து உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரே சனிக்கிழமையில் தனி ஆளாக ஒன்பது ஜோடிகளை இப்படி மாற்றிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

புது நிர்வாக அதிகாரி வந்தது அதற்கு ஒரு மாதம் கழித்து. நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவே மாட்டார். ஆனால் கண்ணால் பார்ப்பதைவிட ரிப்போர்ட்டில் பார்ப்பதைத்தான் நம்புவார். அவருக்கென்றே அமைந்ததுபோல் அலுவலகத்தில் ஒரு மென்பொருள் ஏற்கெனவே இருந்தது. தினமும் நண்பகலில் அது நெட்வொர்க் வழியாக ஒவ்வொரு முகவரிக்கும் போய், "நீ இதுவரை எத்தனை பக்கம் அடித்திருக்கிறாய்?" என்று பிரிண்டரைக் கேட்கும். நேற்றைய எண்ணைக் கழித்துவிட்டு, இன்றைக்கு இத்தனை பக்கம் என்று குறித்துவைக்கும். அதற்கு முன்னால் அந்த ரிப்போர்ட்டை யாரும் திறந்துகூடப் பார்த்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் இருபத்திரண்டு பேர். அதிகாரி ரிப்போர்ட்டைச் சுவர்த்திரையில் போட்டார். முதலில் பாராட்டு. கட்டடத்திலேயே அதிகம் உழைத்த பிரிவு, மூன்று மாதத்தில் ஒன்றரை லட்சம் பக்கத்துக்கு மேல் அடித்த பிரிவு, எது என்று நினைக்கிறீர்கள்? கீழ்த்தளத்துப் பதிவறை! பழைய கோப்புகளைக் காக்கிற அந்த அறையில் இருப்பது மொத்தம் இரண்டு பேர், அதில் ஒருவருக்கு மதியத்துக்கு மேல் கண் சொக்கும். பதிவறை அண்ணன் எழுந்துபோய்க் கேடயத்தை வாங்கிக்கொண்டு, எதற்கு என்று புரியாமல் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். திரும்பிவரும்போது டோனரக்காவின் காதருகே குனிந்தார்.

"நான் என்னம்மா பண்ணினேன்? கூப்பிட்டாங்க, குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன்."

அவள் சிரிப்பை அடக்குவதற்குள் அடுத்த பக்கம் திரையில் வந்தது. ஒன்பது மேசைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பூஜ்யம். மூன்று மாதமாகப் பூஜ்யம்.

"இந்த ஒன்பது மேசைக்கும் மூணு மாசத்துல முப்பத்தொரு டோனர் குடுத்திருக்கோம். ஆனா ஒரு பக்கம்கூட அச்சாகல. அந்த டோனர் எல்லாம் எங்க போச்சு?" என்று அதிகாரி அமைதியாகக் கேட்டார். அவர் அவளைப் பார்க்கவில்லை. மற்ற இருபத்தொரு பேரும் பார்த்தார்கள்.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்து நின்றாள். "சார், அதெல்லாம் ஓடுற மெஷின் சார். இப்பகூட சுங்கப் பிரிவுல ஓடிக்கிட்டிருக்கு."

சுங்கப் பிரிவுத் தலைவி அவளுக்காக வாயைத் திறந்தாள். "ஆமா சார், நாங்க தினமும் அடிக்கிறோம்."

"அடிக்கிறீங்க, சரி. எத்தனை பக்கம்? உங்களுக்குக் குடுத்த நாலு டோனருக்கும் அடிச்சீங்களா?"

தலைவி விரல் மடக்கி எண்ணப் பார்த்துக் கைவிட்டாள். யாருக்குத் தெரியும்? அடித்த பக்கத்தை எண்ணிக்கொண்டா உட்கார்ந்திருப்பார்கள்?

"வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள எழுத்துல விளக்கம் குடுங்க. இல்லைன்னா வெளியிலேருந்து விசாரணைக்கு ஆள் வரவேண்டியிருக்கும். அதுவரைக்கும் ஸ்டோர் சாவி என்கிட்ட இருக்கட்டும்" என்று அவர் கையை நீட்டினார்.

விசாரணை வந்தால் வேலை போகும். வேலை போனால் இன்னொன்று தேடிக்கொள்ளலாம். ஆனால் திருடி என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் அதை எந்த மெஷினில் போட்டு எடுப்பது? இருபத்திரண்டு பேர் பார்க்க, சாவியைக் கழற்றி அவர் கையில் வைத்துவிட்டு வெளியே வந்தவளுக்குப் படிக்கட்டு கண்ணுக்குத் தெரியவில்லை.

வீட்டில் நடந்தது இன்னும் மோசம். அவள் கணவர் டிரைவிங் பள்ளியில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இடப்பக்கத்து இருக்கையில் தனக்கென்று தனி பிரேக் வைத்துக்கொண்டு இருபது வருஷம் உட்கார்ந்தவருக்கு, எதையும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொள்கிற புத்தி. அவள் அழாமல் முழுக் கதையையும் சொல்லி முடித்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"நான் கேக்குறேன்னு கோச்சுக்காத. அவசரத்துக்குன்னு யாராவது கேட்டு, ஒண்ணு ரெண்டு… குடுத்தியா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அவரு வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, என்னைத் தெரியாது, கேட்டாரு. உங்களுக்குமா தெரியாது?"

"அட, சும்மா ஒரு வார்த்தை…"

"அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் என்கிட்ட வேற வார்த்தை இல்லை."

சொன்னபடியே செய்தாள். அன்றைக்கு மூடிய வாயை அவரிடம் திறக்கவில்லை. பள்ளியில் கடைசி வருஷம் படிக்கிற மகள்தான் நடுவில் தபால்காரி வேலை பார்த்தாள். "அப்பா, உப்பு போதுமான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க." "போதும்னு சொல்லு." "அம்மா, போதுமாம்." மூன்று அடி தூரத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கும் நடுவே அந்தப் பெண் நாலு நாள் இப்படி ஓடினாள். அதிகாரி கேட்டது உடம்பில் பட்டது, இவர் கேட்டது உள்ளே போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை அவள் ஒன்பது மேசைக்கும் நடந்தாள். கேபிளைப் பிடுங்கிப் புதிது போட்டாள், சுவிட்சைப் பார்த்தாள், சோதனைப் பக்கம் அடித்தாள். எல்லாமே ஜம்மென்று ஓடின. நாலாம் மாடியில் நெட்வொர்க் பார்க்கிறவரிடம் போனாள். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். "பாருங்கக்கா, ஒன்பதும் பதில் சொல்லுது. என் பக்கம் சுத்தம். மென்பொருள் கம்பெனியைக் கேளுங்க."

மென்பொருள் கம்பெனிக்குப் போன் செய்தாள். எடுத்த பொறியாளனுக்குக் குரலில் இன்னும் தூக்கம் கலையவில்லை. "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம். உங்க நெட்வொர்க்கைப் பாக்கச் சொல்லுங்க."

புதன்கிழமை முழுக்க இதே பந்தாட்டம். அவன் சொன்னபடி அணைத்துப் போட்டாள், இவர் சொன்னபடி அமைப்பை மாற்றினாள். நண்பகல் வரும், ரிப்போர்ட் வரும், பூஜ்யமும் வரும். கடைசியில் போனிலேயே வெடித்தாள்.

"அவரு பக்கமும் சரி, உங்க பக்கமும் சரின்னா தப்பு எங்க தம்பி குடியிருக்கு? என் வீட்டுலயா?"

"மேடம், கோபப்படாதீங்க…"

"கோபப்படாம? நீங்க என்னைத் திருடின்னு சொல்றீங்க. நேரா சொல்லல, உங்க சாஃப்ட்வேரை விட்டுச் சொல்றீங்க!"

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு, "எனக்கு இது தெரியாது மேடம்" என்றான். தூக்கம் கலைந்திருந்தது.

வியாழக்கிழமை காலை. ஒரு நாள்தான் பாக்கி. சுங்கப் பிரிவு மெஷின் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு பிரிண்டரும், பிறந்ததிலிருந்து எத்தனை பக்கம் அடித்தோம் என்று தன் வயிற்றுக்குள் ஓர் எண் வைத்திருக்கும். பட்டனை அழுத்தினால் அச்சடித்துக் காட்டும். அழுத்தினாள். 71,905 என்று வந்தது. இரண்டு நாளாக அவளும் மற்ற இருவரும், பதில் வருகிறதா வரவில்லையா என்று மட்டும்தான் பார்த்திருந்தார்கள். வருகிற பதில் என்ன என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. அவள் போனை எடுத்தாள்.

"தம்பி, பூஜ்யம் ஆகறதுக்கு முன்னாடி இந்த மேசையிலேருந்து உங்க சாஃப்ட்வேர் கடைசியா வாங்கின நம்பர் என்ன?"

"அது உள்ள பதிவுல இருக்கும் மேடம். அதையெல்லாம் யாரும் கேக்கறதில்லை."

"நான் கேக்குறேன்."

அவன் தேடினான். தட்டச்சுச் சத்தம் கேட்டது. "ரெண்டு லட்சத்துப் பதினாலாயிரத்து ஐந்நூத்தி அறுபது."

"திரும்பச் சொல்லுங்க."

சொன்னான். அவள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். எழுபத்தோராயிரம். "அது எப்படித் தம்பி குறையும்?"

"குறையவே குறையாது மேடம். குறைஞ்சு வந்தா அது தப்பான தகவல்னு சாஃப்ட்வேரே தூக்கிப் போட்டுடும்."

"தூக்கிப் போட்டுட்டு?"

"பூஜ்யம்னு காட்டும்…" என்று இழுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். "ஐயோ" என்றான்.

டோனரக்கா நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள். வாசல் எண் மாறவில்லை, உள்ளே குடித்தனம் மாறிவிட்டது. முன்பு அந்த வீட்டில் அறுபது வயதுக்காரர் இருந்தார், இப்போது போய் வயது கேட்டால் இருபது என்று பதில் வருகிறது. வயது குறையுமா, இவன் பொய் சொல்கிறான் என்று மென்பொருள் கதவைச் சாத்திவிட்டது. தினமும் தட்டுகிறது, தினமும் இருபது என்கிறான், தினமும் சாத்துகிறது. அட்ரஸ் மேசைக்கு, மெஷினுக்கு இல்லை. அவளுடைய சட்டமேதான்.

அப்படியென்றால் அறுபது வயதுக்காரர் குடிபோன வீட்டில் என்ன நடந்திருக்கும்? செருப்பைக்கூட மாட்டாமல் கீழ்த்தளத்துக்கு ஓடினாள். பதிவறை அண்ணன் கேடயத்தை மேசைமேல் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அங்கே பட்டனை அழுத்தினாள். 2,14,772. சுங்கப் பிரிவின் பழைய மெஷின்தான், பின்பக்கத்து வரிசை எண்ணும் அவள் நோட்டுக் குறிப்போடு ஒத்துப்போனது. முன்பு இங்கே இருந்த சின்ன மெஷினின் கடைசி எண்ணைப் பொறியாளன் போனில் படித்தான். அறுபதாயிரத்து முந்நூறு. ஒரே நாளில் அறுபதாயிரம் இரண்டு லட்சமாகக் குதித்ததும், எண் கூடத்தானே செய்திருக்கிறது, சரிதான் என்று அந்தப் புத்திசாலி மென்பொருள் பதிவறை தலையில் ஒன்றரை லட்சம் பக்கத்தைக் கட்டிவிட்டது!

"அண்ணே, மூணு மாசத்துல நீங்க அடிச்சது எத்தனை பக்கம் தெரியுமா? இருநூத்திப் பன்னிரண்டு!"

அவர் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார். "அப்பாடா. அவ்வளவு உழைச்சிருந்தா எனக்கு உடம்புக்கு ஏதாவது வந்திருக்குமேன்னு பயந்துட்டேம்மா."

அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. ஒன்பது ஜோடி மேசைகளுக்கும் ஏறி இறங்கிப் பதினெட்டு எண்களைக் குறித்துக்கொண்டாள். ஒவ்வொன்றும் அப்படி அப்படியே பொருந்தியது. ஏழாவது ஜோடி முடிந்து படி ஏறும்போதுதான் அந்த இன்னொரு எண்ணம் வந்தது. பழி வந்தது தன் பழக்கத்தால்தானே? மென்பொருள்மேல் முழுக்கப் போட்டுவிட்டால் என்ன? பொறியாளனே ஐயோ என்று சொல்லிவிட்டான், யார் கேட்கப்போகிறார்கள்? படியிலேயே ஒரு நிமிஷம் நின்றாள். பாதியை மறைத்துவைத்து நல்ல பெயர் வாங்கினால், அதற்குப் பிறகு அந்த அதிகாரி எதைக் கேட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். வேண்டாம் சாமி என்று மேலே ஏறினாள்.

சாயங்காலம் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கழித்தல் எல்லாம் சரிபார்த்தாள். கணவர் அடுத்த அறை வாசலில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாளை ஒரு பக்கமும் திருப்பவில்லை.

"அம்மா, அப்பா என்ன ஆச்சுன்னு கேக்கச் சொல்றாரு."

"நாளைக்குத் தெரியும்னு சொல்லு."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரி அறையில் மூன்று பேர். மென்பொருள் பொறியாளன் நேரிலேயே வந்திருந்தான். போனில் கேட்ட குரலுக்கு மீசைகூட முளைத்திருக்காது என்று அவள் நினைத்திருந்தாள். வந்ததோ தாடிக்காரன். அவள் கையெழுத்தில் நிரப்பிய நாலு தாள்களை மேசையில் வைத்தாள்.

"சார், இது ஒன்பது மேசையில இப்ப இருக்குற மெஷினோட நம்பர். இது அதே மெஷின் பழைய இடத்துல இருந்தப்ப உங்க ரிப்போர்ட்டே எழுதிவெச்ச கடைசி நம்பர். ரெண்டையும் கழிச்சா மூணு மாசத்துல அடிச்ச பக்கம். என் நோட்டுலேருந்து ஒரு நம்பர்கூட எடுக்கல. எல்லாம் மெஷின் சொன்னது, இல்லைன்னா உங்க ரிப்போர்ட் சொன்னது."

அதிகாரி படித்தார். முதல் தாளை இரண்டு தடவை படித்தார். மொத்தம் எண்பத்தெட்டாயிரத்து நானூற்றிச் சொச்சம் பக்கம். ஒரு டோனர் மூவாயிரம் பக்கம் வரும். கால்குலேட்டரை எடுத்து வகுத்தார்.

"இருபத்தொன்பதரைதான் வருது. முப்பத்தொண்ணு குடுத்திருக்கோம். ஒண்ணரை இடிக்குதே?"

"ஒன்பது மெஷினும் இப்ப ஓடிக்கிட்டிருக்கே சார். அதெல்லாம் காலி டோனர்லயா ஓடும்? மிச்சம் அதுக்குள்ளதான் இருக்கு. வாங்க, ஒவ்வொண்ணா கழட்டிக் காட்டுறேன்."

அவர் வரவில்லை. பொறியாளனைப் பார்த்தார். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அக்கா சொல்றது முழுக்கச் சரி சார். தகவலைத் தூக்கிப் போடும்போது எங்க சாஃப்ட்வேர் ஒரு எச்சரிக்கை காட்டியிருக்கணும். பேசாம பூஜ்யம் போட்டது எங்க தப்பு." மேடம் எப்போது அக்கா ஆனாள் என்பதை அவனே கவனிக்கவில்லை.

"என் பங்கும் இருக்கு சார். மெஷினை இடம் மாத்தினேன், அட்ரஸை மாத்தல. ரிப்போர்ட் அட்ரஸை வெச்சுத்தான் ஆளை அடையாளம் பாக்குதுன்னு எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. அன்னிக்கே ஒரு வார்த்தை எழுதிக் குடுத்திருந்தா இந்தப் பூஜ்யமே வந்திருக்காது. இனிமே எழுதிக் குடுப்பேன்" என்றாள் டோனரக்கா.

அதிகாரி நாலு தாள்களையும் அடுக்கி மேசையில் தட்டி ஒழுங்கு செய்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்து அவள் பக்கம் தள்ளினார். "எனக்குத் திருப்தி. எடுத்துக்கோங்க."

அவள் எடுக்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "திங்கட்கிழமை அந்த ரூம்ல எத்தனை பேர் இருந்தாங்க சார்?"

"ஏன்?"

"இருபத்திரண்டு பேர். சாவியை அத்தனை பேர் முன்னாடி வாங்கினீங்க. குடுக்கும்போது மட்டும் கதவைச் சாத்திக்கிட்டா?"

வேலை போனாலும் போகட்டும், இதை விடமுடியாது என்று நின்றாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூணு மணிக்குக் கூட்டம்னு எல்லாருக்கும் சொல்லிடுங்க" என்றார்.

மூன்று மணிக்கு இருபத்திரண்டு பேரும் வந்தார்கள், கேள்விப்பட்டு வாசலில் இன்னும் பத்துப் பேர். பொறியாளன் ஒவ்வொரு மெஷினையும் அதன் வரிசை எண்ணோடு சேர்த்துப் பதிந்துவிட்டு ரிப்போர்ட்டைத் திறந்தான். திரையில் முதல் பூஜ்யம் மறைந்தது. சுங்கப் பிரிவு, 11,605. தலைவி, "ஆத்தாடி, இவ்வளவா அடிச்சோம்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். இரண்டாவது பூஜ்யம் மறைந்தது. மூன்றாவது. யாரோ எண்ண ஆரம்பித்தார்கள், நாலாவதிலிருந்து எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். "ஒன்பது!" என்று கத்தியபோது கீழே காவலாளிக்குக் கேட்டிருக்கும். கடைசியாகப் பதிவறையின் ஒன்றரை லட்சம் சரிந்து இருநூற்றுப் பன்னிரண்டு ஆனபோது சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பதிவறை அண்ணன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

அதிகாரி எழுந்தார். அப்போதும் குரலை உயர்த்தவில்லை. ஆனால் வாசல்வரை கேட்டது.

"ஒரு டோனர்கூட எங்கயும் போகல. மெஷினை நேரா போய்ப் பாத்திருந்தா எனக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். பாக்காம இவங்களைச் சந்தேகப்பட்டேன். அதுவும் உங்க எல்லார் முன்னாடியும். மன்னிச்சிடுங்கம்மா."

சாவியை எடுத்துக்கொண்டு அவரே நடந்துவந்து அவள் கையில் கொடுத்தார். கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. டோனரக்கா அழக்கூடாது என்று காலையிலிருந்தே சபதம் போட்டிருந்தாள், அழவில்லை. "விளக்கம் கேக்கறதுக்குப் பதிலா என்ன பிரச்சினைன்னு கேட்டிருந்தீங்கன்னா, ரெண்டு நாள் முன்னாடியே கண்டுபிடிச்சிருப்பேன் சார்" என்று மட்டும் சொன்னாள். அவர் தலையாட்டினார். அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! சாயங்காலம் வரைக்கும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஐந்தரை மணிக்கு வாசலில் டிரைவிங் பள்ளி வண்டி நின்றிருந்தது. ஓட்டும் இடத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்தபடி. பக்கத்தில் அவள் கணவர். பாடம் நடக்கிற நேரத்தில் அவர் இந்தப் பக்கம் வந்ததே கிடையாது. அவள் பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"என்ன ஆச்சு?" என்று அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கேட்டார். நாலு நாளில் தபால்காரி இல்லாமல் வந்த முதல் கேள்வி.

அவள் சொல்லத் தொடங்கினாள். ஒன்றையும் விடவில்லை. எழுபத்தோராயிரம், ஐயோ, இருநூற்றுப் பன்னிரண்டு, கதவைச் சாத்தாமல் திரும்பி வந்த சாவி எல்லாம் வந்தது. வண்டி நத்தை வேகத்தில் ஊர்ந்தது, பின்னால் வந்தவர்கள் ஹாரனை அழுத்தித் திட்டிவிட்டுப் போனார்கள். தலைமையாசிரியர் கதை கேட்கிற சுவாரசியத்தில் திரும்பவேண்டிய இரண்டு தெருவை விட்டுவிட்டார். கணவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"பாத்தியா, எனக்கு அப்பவே தெரியும்" என்றார் கணவர், முகமெல்லாம் சிரிப்பாக.

"தெரியாது. தெரிஞ்சிருந்தா கேட்டிருக்க மாட்டீங்க."

அவர் சிரிப்பு நின்றது.

"அந்த அதிகாரி இருபத்திரண்டு பேர் முன்னாடி மன்னிப்பு கேட்டுட்டாரு. ரெண்டு மாசம் பழகின மனுஷன். நீங்க எப்பக் கேக்கப்போறீங்க?"

"வீட்டுக்குப் போய்…"

"வீட்டுல வெளியாள் யாரும் இல்லை. இங்க சார் இருக்காரு."

தலைமையாசிரியர், யாரும் சொல்லாமலே, கண்ணாடியைப் பார்த்து, சமிக்ஞை போட்டு, வண்டியை ஓரமாகக் கொண்டுபோய் அழகாக நிறுத்தினார். இருபத்துமூன்று பாடத்தில் அவர் ஒரு தடவைகூட அப்படி நிறுத்தியதில்லை. இன்ஜினையும் அணைத்தார்.

கணவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு முழுசாகப் பின்பக்கம் திரும்பினார். "தப்புதான். அவரு உன்னைத் தெரியாம கேட்டாரு. நான் தெரிஞ்சும் கேட்டேன். அதுதான் பெரிய தப்பு. கேட்ட நிமிஷமே எனக்கு உறுத்துச்சு, சொல்ல வாய் வரல. மன்னிச்சுக்கோ."

மூன்று மணிக்கு வராத கண்ணீர் இப்போது பொலபொலவென்று கொட்டியது. டோனரக்கா அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. முன்னிருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டினாள்.

"சார், உங்களுக்கு நல்லாக் கேட்டுச்சா?"

"ஒரு எழுத்து விடாம கேட்டேம்மா."

"சரி, அப்ப வண்டியை எடுங்க" என்றாள்.